ஜெங் ஜியை உருவாக்கியது எவர்கிராண்டின் பணமா?

2013-ஆம் ஆண்டில் ஆசியாவின் சிறந்த கால்பந்து வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சீன நடுக்கள ஆட்டக்காரர் ஜெங் ஜி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்தின் சார்ல்டன் அத்லெடிக்கிலும் ஸ்காட்லாந்தின் செல்டிக்கிலும் பெயர் சொல்லும்படி எதையும் சாதிக்காமல் ஊர் திரும்பியிருந்தார். அப்படியானால், அவர் பின்னர் சேர்ந்த, ஒரு வீட்டுமனை நிறுவனத்தின் கையிலிருந்த குவாங்சோ எவர்கிராண்ட் கிளப்பின் பணம் வாங்கிக் கொடுத்த புகழைத்தானே நாம் அவருடைய திறமை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று நண்பர் கேட்டிருக்கிறார். அவருடைய எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம் என்ற சிறு கேள்வியும் கூடவே இருக்கிறது. முதல் கேள்வியின் உள்ளே இருப்பது, ஒரு வீரரின் வரலாற்றில் அவருக்கு உரியது எவ்வளவு, அவர் ஆடிய அணிகளுக்கு உரியது எவ்வளவு என்பதே. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வென்ற பதக்கங்களின் எண்ணிக்கைக்கு எவர்கிராண்டின் பணம் பெருமளவு காரணம். ஆனால் அவரைவிட இளைய நடுக்கள ஆட்டக்காரர்கள் இருந்தும் 38 வயது வரை கிளப்பும் நாட்டு அணியும் அவரை விட முடியாமல் இருந்ததற்குப் பணத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

கால்பந்துப் பயிற்சியாளராகப் பயின்றவன் நான். ஆசியக் கிளப் போட்டிகளின் முழு ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பது நெடுநாளாக என் பணியின் ஒரு பகுதி. எனவே எவர்கிராண்டின் ஆசிய ஆட்டங்களையும், 2015-க்குப் பிந்தைய சீன அணியின் ஆட்டங்களையும் பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. அதற்கு முன்பு அவர் ஷென்சென், ஷான்டொங் கிளப்புகளில் ஆடிய காலத்தைப் பற்றிச் சொல்வது முடிவுகளையும் பதிவுகளையும் வைத்துச் சொல்வது. அதற்கு அதற்குரிய எடையை மட்டும் கொடுங்கள். நடுக்கள ஆட்டக்காரரை, அதிலும் தற்காப்புக்கு முன்னால் நிற்பவரை, கோல் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜெங் ஜி 1980 ஆகஸ்ட் 20 அன்று வடகிழக்குச் சீனாவின் லியாவ்னிங் மாகாணத் தலைநகரான ஷென்யாங்கில் பிறந்தார். சீனக் கால்பந்தில் லியாவ்னிங்குக்குத் தனி மதிப்பு உண்டு. 1990-இல் ஆசியக் கிளப் கோப்பையை வென்ற முதல் சீன அணி அந்த மாகாணத்து அணிதான். அந்த மண்ணின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர், தொழில்முறை ஆட்டத்தில் பெயர் எடுத்தது நாட்டின் மறுகோடியில், தென்முனையிலுள்ள ஷென்செனில். சீன சூப்பர் லீக் என்ற பெயரில் முதல் பருவம் 2004-இல் நடந்தபோது கோப்பையை வென்றது ஷென்சென் அணி. பயிற்சியாளர் ஜு குவாங்ஹு. வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராமல் இருந்த நிலையில் அந்தக் கோப்பை வெல்லப்பட்டது என்பது சீனக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் செய்தி. பணம்தான் அவரை உருவாக்கியது என்ற வாதத்துக்கு முதல் தடை இங்கேயே வந்துவிடுகிறது: அவருடைய முதல் லீக் பட்டம் பணமில்லாத அணியோடு வந்தது.

இந்தக் காலத்தில் அவர் களத்தில் எங்கே நின்றார் என்பது அவரைப் புரிந்துகொள்ள மிக முக்கியம். 2004-இல் சீனாவில் நடந்த ஆசியக் கோப்பையில், டச்சுப் பயிற்சியாளர் ஆரி ஹான் அவரைத் தற்காப்பு வரிசையில் ஆட வைத்தார். இறுதியாட்டத்தில் பெய்ஜிங்கில் ஜப்பானிடம் 1-3 என்ற கணக்கில் சீனா தோற்றது. ஜப்பானின் இரண்டாவது கோல் கோஜி நகாதாவின் கையில் பட்டு உள்ளே போனது என்ற கோபம் அரங்கத்துக்கு வெளியிலும் வெடித்தது. அந்தத் தொடரின் சிறந்த பதினொருவர் அணியில் ஜெங் ஜி தற்காப்பு வீரராக இடம்பெற்றார். மறு ஆண்டு ஷான்டொங் லுனெங் அணிக்கு மாறியதும் நிலைமை தலைகீழானது. செர்பியப் பயிற்சியாளர் லுபிஷா தும்பாகோவிச் அவரை முன்னே தள்ளினார். 2006-இல் ஷான்டொங் லீக்கையும் நாட்டுக் கோப்பையையும் ஒருசேர வென்றபோது, லீக்கில் அதிக கோல் அடித்த லி ஜின்யுவுக்கு அடுத்தபடியாக அந்த அணி கோலுக்கு நம்பியிருந்தது ஜெங் ஜியைத்தான். இரண்டே ஆண்டு இடைவெளியில் ஒருவர் ஆசிய அளவில் தேர்ந்த டிஃபெண்டராகவும், உள்நாட்டு லீக்கில் தேர்ந்த கோல் அடிப்பவராகவும் இருப்பது அபூர்வம். அது வரம் போலத் தோன்றினாலும், ஐரோப்பாவுக்குப் போனதும் அதுவே ஒரு வகையில் அவருக்குச் சிக்கலாயிற்று.

இடையில் அவருடைய குணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இளமையில் அவர் அடக்கமானவர் இல்லை. 2005 ஆசிய சாம்பியன்ஸ் லீக் கால்இறுதியில் சவுதி அரேபியாவின் அல்-இத்திஹாத்திடம் ஷான்டொங் இரண்டாம் ஆட்டத்தில் 2-7 என்று சிதறிய அன்று, நடுவர் மீது துப்பியதற்காக ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்குப் பல மாதத் தடை விதித்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், வயது வரம்பைக் கடந்த மூவரில் ஒருவராகவும் கேப்டனாகவும் ஆடிய அவர், பிறந்த ஊரான ஷென்யாங்கிலேயே, பெல்ஜியத்துக்கு எதிராக எதிரணி வீரரை முழங்கையால் இடித்துச் சிவப்பு அட்டை வாங்கினார். அதே ஆட்டத்தில் சக வீரர் டான் வாங்சோங்கும் வெளியேற்றப்பட்டார். சீனா 0-2 என்று தோற்றது. சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில் சீன ஆண்கள் அணி ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. இவற்றோடு சேர்த்து, 2006 ஜூன் 7 அன்று பிரான்ஸின் சாந்த்-எத்தியனில் நடந்த நட்பு ஆட்டத்தில் ஜிப்ரில் சிஸ்ஸேயின் கால் முறிந்ததையும் அவர் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இருவரும் பந்தை நோக்கி முழு வேகத்தில் ஓடியபோது நேர்ந்த மோதல் அது. காலுக்குக் குறிவைத்த ஆட்டமாகப் பதிவில் தெரியவில்லை. ஆனால் உலகக் கோப்பைக்குச் சில நாட்களே இருந்த நேரத்தில் ஒரு பிரெஞ்சு ஸ்ட்ரைக்கர் கால் முறிந்து கிடந்த காட்சியோடு அவர் பெயர் ஐரோப்பாவில் முதன்முதலாக ஒட்டிக்கொண்டது என்பது உண்மை.

இனி இங்கிலாந்து. நண்பரின் கேள்விக்கு ஆணிவேர் இங்கே இருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2006 டிசம்பர் இறுதியில், கடன் அடிப்படையில், அதாவது தற்காலிகமாக, அவர் சார்ல்டனில் சேர்ந்தார். அப்போது சார்ல்டன் இங்கிலாந்தின் முதல் தர லீக்கான பிரீமியர் லீக்கின் அடிமட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரே பருவத்தில் இயான் டவி, லெஸ் ரீட் என இரண்டு மேலாளர்கள் போய், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் ஆலன் பார்டியூ பொறுப்பேற்றிருந்தார். சீன லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவது. அதாவது ஜெங் ஜி ஒரு முழுப் பருவத்தையும் ஆடி முடித்த உடலோடு, வேறொரு பருவத்தின் நடுவில், பருவத்துக்கு முந்தைய ஆயத்தப் பயிற்சி எதுவும் இல்லாமல் இறங்கினார். 2007 பிப்ரவரியில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக முதன்முதலில் களம் கண்டார். மார்ச் 18 அன்று நியூகாசிலுக்கு எதிராக 2-0 என்று சார்ல்டன் வென்ற ஆட்டத்தில் முதல் கோலை அடித்தார். அணி 19-ஆம் இடத்தில் முடித்துத் தரம் இறங்கியது, அதாவது அடுத்த நிலை லீக்குக்குத் தள்ளப்பட்டது. அவ்வளவு குறுகிய காலத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்த சார்ல்டன், தரம் இறங்கிய பிறகும் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை நிரந்தரமாக வாங்கியது. தோல்வி என்று நாம் முத்திரை குத்தும் காலத்தைப் பற்றி, அருகிலிருந்து பார்த்தவர்கள் தங்கள் பணத்தைக் கொண்டு கொடுத்த தீர்ப்பு இது. இதை எவர்கிராண்ட் வாதம் பேசுபவர்கள் கவனிப்பதே இல்லை.

அடுத்த பருவத்தில், 2007-08-இல், இரண்டாம் தரமான சாம்பியன்ஷிப்பில் அவர் தொடர்ந்து ஆடினார். நடுக்களத்திலிருந்து வந்து 7 கோல் அடித்தார். உடலால் முட்டி மோதும் அந்த லீக்கில் ஒரு நடுக்கள ஆட்டக்காரருக்கு அது மதிக்கத்தக்க எண். பிறகு 2008-09-இல் எல்லாம் சரிந்தது. பார்டியூ நவம்பரில் வெளியேறினார், ஃபில் பார்கின்சன் வந்தார், சார்ல்டன் கடைசி இடத்தில் முடித்து மூன்றாம் தரத்துக்குப் போனது. அந்தப் பருவத்தில் ஜெங் ஜி முன்பைவிட மிகக் குறைவாகவே ஆடினார். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறை தரம் இறங்கிய கிளப்பில் ஆடியவரை, அந்தக் கிளப்பின் வீழ்ச்சியிலிருந்து பிரித்து அளப்பது கடினம். அவர் இல்லாமல் இருந்திருந்தால் சார்ல்டன் இன்னும் வேகமாக இறங்கியிருக்குமா என்பதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஆனாலும் பழியை முழுவதும் காலத்தின் மேலும் கிளப்பின் மேலும் போடுவது நேர்மையாகாது. அவருக்கு என்று சில குறைகள் இருந்தன. இங்கிலாந்தில் அவரை வலப்பக்கமும் நடுவிலும் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாலும் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். எங்கும் ஆடக்கூடியவர் என்பதால் அணியின் ஓட்டைகளை அடைக்கும் ஆளாக அவர் ஆனார். பக்கவாட்டில் நிற்க வேண்டிய ஆளுக்குத் தேவையான, எதிரியைத் தாண்டி ஓடும் வேகம் அவரிடம் இல்லை. முன்னால் நிற்கும்போது, கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கித் திரும்புவதில் ஐரோப்பியத் தற்காப்பு வீரர்களின் நெருக்கத்தை அவரால் எளிதாக உதற முடியவில்லை. அவருடைய பெரும்பலம், ஆட்டம் முழுவதையும் எதிரே பார்த்தபடி நிற்கும் இடத்தில்தான் வெளிப்படும். அந்த இடத்தை 26 வயதில் சீனாவிலிருந்து வந்த, ஆங்கிலம் சரளமில்லாத ஒருவருக்கு எந்த மேலாளரும் எளிதில் தர மாட்டார். அங்கே நிற்பவர்தான் மற்ற பத்துப் பேருக்கும் குரல் கொடுத்தாக வேண்டும். இது என் கணிப்பு. ஆனால் அவர் பின்னாளில் எங்கே சிறந்தார் என்பதை வைத்துச் செய்த கணிப்பு.

செல்டிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2009 செப்டம்பரில் டோனி மோப்ரேயின் அணியில் சேர்ந்தார்; 2010 மார்ச்சில் செயின்ட் மிரனிடம் 0-4 என்று தோற்றதும் மோப்ரே நீக்கப்பட்டார்; நீல் லெனன் வந்தார்; பருவம் முடிந்ததும் ஜெங் ஜி விலகினார். அவரை விரும்பி எடுத்த மேலாளர் பருவம் முடிவதற்குள் போய்விடுவது அவருக்கு அப்போது பழக்கமான கதையாகிவிட்டிருந்தது.

அங்கிருந்து அவர் எடுத்த முடிவு அன்று பலருக்கு வீழ்ச்சியாகத் தெரிந்தது. 2010-இல், முப்பது வயதை எட்டும் நேரத்தில், சீனாவின் இரண்டாம் தர லீக்கில் இருந்த குவாங்சோ அணியில் சேர்ந்தார். அந்த அணி ஆட்ட மோசடிக்குத் தண்டனையாகத் தரம் இறக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் எவர்கிராண்ட் என்ற வீட்டுமனை நிறுவனம் அதை 10 கோடி யுவானுக்கு வாங்கியிருந்தது. சீனக் கால்பந்தின் நிலை அப்போது எப்படி இருந்தது என்றால், சங்கத்தின் முன்னாள் தலைவர்களான ஷியே யாலோங், நான் யோங் ஆகியோர் ஊழல் வழக்கில் பிடிபட்டுப் பின்னர் 2012-இல் ஆளுக்குப் பத்தரை ஆண்டு சிறை பெற்றார்கள். 2002 உலகக் கோப்பையில் நடுவராக இருந்த லு ஜுன் சிறை சென்றார். அதே உலகக் கோப்பை அணியில் இருந்த ஜியாங் ஜின், சி ஹோங் போன்ற வீரர்களும் தண்டிக்கப்பட்டார்கள். அவர் ஆடிவந்த காலத்து லீக் முழுவதையும் அலசிய அந்த வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் ஜெங் ஜி இல்லை. குவாங்சோ அந்த ஆண்டே தரம் உயர்ந்தது. உயர்ந்த முதல் ஆண்டான 2011-இலேயே சூப்பர் லீக்கை வென்றது. 2017 வரை தொடர்ந்து ஏழு முறையும், 2019-இல் எட்டாம் முறையும் வென்றது.

இப்போது பணத்துக்கு வருவோம். எவர்கிராண்ட் கொட்டிய பணத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அர்ஜென்டினாவின் தாரியோ கொன்காவை 2011-இல் எடுத்தபோது, உலகிலேயே அதிகம் சம்பாதிக்கும் வீரர்களில் ஒருவர் என்று அவரைப் பத்திரிகைகள் எழுதின. பிரேசிலின் முரிக்கி, எல்கெசன், பின்னர் ரிகார்தோ குலார்ட், பாலினியோ ஆகியோர் வந்தார்கள். 2012 மே மாதத்தில், உலகக் கோப்பை வென்ற இத்தாலியப் பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பி வந்தார். 2014-இல் அலிபாபா நிறுவனம் கிளப்பின் பாதியை 120 கோடி யுவானுக்கு வாங்கியது. ஆனால் விதிகளைக் கவனியுங்கள். ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் அப்போது ஓர் அணி ஆட வைக்கக்கூடிய வெளிநாட்டவர் மூவர், கூடவே ஆசிய நாட்டவர் ஒருவர், அவ்வளவுதான். சீன லீக்கில் கோல்கீப்பராக வெளிநாட்டவரை நிறுத்தவே முடியாது. 2013-இன் குவாங்சோவில் அந்த நான்கு இடங்கள் கொன்கா, முரிக்கி, எல்கெசன், கொரியத் தற்காப்பு வீரர் கிம் யோங்-குவோன் ஆகியோருக்குப் போயின. நால்வரில் மூவர் முன்கள ஆட்டக்காரர்கள். மீதி ஏழு பேர் சீனர்கள். அந்த மூவர் முன்னே நின்று பந்துக்காகக் காத்திருக்கும்போது, பின்னால் பந்தைப் பறித்து முன்னே அனுப்பும் வேலை ஜெங் ஜி, ஹுவாங் போவென் என்ற இரண்டு சீனர்களிடம் இருந்தது. சீனாவின் வேறு பணக்கார அணிகளும் இதே விதிக்குள் இதேபோல முன்களத்தில் செலவழித்தன. ஷாங்காய் ஷென்ஹுவா 2012-இல் திதியே த்ரோக்பாவையும் நிக்கொலா அனெல்காவையும் கொண்டுவந்து எதையும் வெல்லவில்லை. பணம் எல்லா இடத்திலும் பட்டம் வாங்கித் தரவில்லை. நடுவில் நம்பகமான சீனர்கள் இருந்த இடத்தில் வாங்கித் தந்தது.

அந்த நடுவில் அவர் என்ன செய்தார் என்பதை விவரிக்க முயல்கிறேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரு தோள்களுக்கு மேலாகவும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவார். வந்த பந்தைப் பெரும்பாலும் இரண்டு தொடுதல்களுக்குள் விட்டுவிடுவார். தோற்றத்துக்கு அழகான நீண்ட பாஸ்களைவிட, பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் எதிரணியின் முதல் தடுப்பு வரிசையைத் தாண்டிக் கொன்காவின் காலுக்குப் போகும் தரைப் பாஸ்தான் அவருடைய அன்றாட வேலை. தடுக்கும்போது அவர் சறுக்கி விழுந்து பந்து பறிப்பதைக் குறைவாகவே பார்க்க முடியும். எதிரி பந்தை எங்கே அனுப்பப் போகிறான் என்று கணித்து அந்தப் பாதையில் முன்கூட்டியே போய் நிற்பார். பக்கவாட்டுத் தற்காப்பாளரான ஜாங் லின்பெங் முன்னே பாயும்போதெல்லாம் அவர் விட்டுச் சென்ற வெற்றிடத்தை நோக்கி ஜெங் ஜி சில அடிகள் நகர்ந்திருப்பார். தொலைக்காட்சிக் கேமரா பந்தைத் தொடர்வதால் இது திரையில் பாதிதான் தெரியும். டிஃபெண்டராகவும் கோல் அடிப்பவராகவும் ஆடிய பழைய அனுபவம் இங்கே பலன் தந்தது என்றே கருதுகிறேன். தற்காப்பாளர் எப்போது பதறுவார், முன்களக்காரர் பந்தை எந்தக் காலில் கேட்பார் என்ற இரண்டையும் உடலால் அறிந்தவர் அவர். வேகம் குறையக் குறைய ஆட்டம் கெடாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். அவர் முதலிலிருந்தே வேகத்தை நம்பி ஆடியவர் இல்லை.

2013 விருதைப் பற்றி ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஆசியாவின் சிறந்த வீரர் என்று சொன்னதும், அன்று ஐரோப்பாவில் ஆடிய ஜப்பானியர், கொரியர் எல்லாரையும் விட அவர் சிறந்தவர் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். 2012-இலிருந்து ஆசியக் கூட்டமைப்பு, வெளிக் கண்டங்களில் ஆடுபவர்களுக்கெனத் தனி விருது ஒன்றை வைத்தது. 2012-இல் ஷின்ஜி ககாவாவும் 2013-இல் யூத்தோ நகத்தோமோவும் என இரு ஜப்பானியர் அதைப் பெற்றார்கள். ஆகவே ஜெங் ஜி பெற்றது, ஆசியக் கிளப்புகளில் ஆடுபவர்களுக்குள் சிறந்தவர் என்ற விருது. 2001-இல் ஃபான் ஜியி பெற்றதற்குப் பிறகு அதைப் பெற்ற சீனர் அவர்தான். அதே ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது, 13 கோல் அடித்த முரிக்கிக்குப் போனது. கோல் அடித்தவரைத் தொடரின் நாயகனாகவும், நடுவில் நின்றவரை ஆண்டின் நாயகனாகவும் ஒரே அமைப்பு தேர்ந்தெடுத்ததில் முரண் ஏதும் இல்லை. அந்த விருதால் அவர் ஆசியாவின் எல்லாக் காலத்துச் சிறந்த நடுக்கள வீரர் ஆகிவிடவும் இல்லை. தென் கொரியாவின் பார்க் ஜி-சுங்கோடும் ஜப்பானின் ஷுன்சுகே நகமுராவோடும் அவரை ஒரே தட்டில் வைக்க நான் தயங்குவேன். உச்சத்தில் இருந்த அதே குவாங்சோ 2013 டிசம்பரில் அகாதிரில் பயர்ன் மியூனிக்கிடம் 0-3 என்று தோற்றபோது, பந்து அவர்களிடம் இருந்த நேரமே குறைவு. தோள் திருப்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியைக்கூட பயர்ன் அவருக்குத் தரவில்லை. உலகத் தரத்துக்கும் அவருக்கும் இருந்த தூரம் அந்த ஒரு நொடிதான் என்பேன்; கால்பந்தில் அது சிறிய தூரமும் இல்லை.

நாட்டு அணியில் அவருடைய கதை இன்னும் கசப்பானது. 2002 உலகக் கோப்பையில் சீனா ஆடிய சில மாதங்களுக்குப் பிறகு, அந்த ஆண்டின் இறுதியில்தான் அவர் முதன்முதலாக நாட்டுக்காக ஆடினார். நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் உலகக் கோப்பையைத் தொடவில்லை. 2006 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், 2004 நவம்பரில் ஹாங்காங்கை 7-0 என்று வென்றும், கோல் வித்தியாசத்தில் சமமாகி, அடித்த கோல்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததால் குவைத்திடம் சீனா இடத்தை இழந்தது. 2010, 2014 தகுதிச் சுற்றுகளில் இறுதிக் கட்டத்தைக்கூட எட்டவில்லை. 2018 தகுதிச் சுற்றில், 2017 மார்ச்சில் சாங்ஷாவில் தென் கொரியாவை 1-0 என்று வீழ்த்திய பிறகும், குழுவில் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. ஆறுதலாக ஒன்றைச் சொல்லலாம். 2007, 2011 ஆசியக் கோப்பைகளில் முதல் சுற்றோடு வெளியேறிய சீனா, 2015-இல் அலென் பெரனின் பயிற்சியில், ஜெங் ஜியின் தலைமையில் சவுதி அரேபியா, உஸ்பெகிஸ்தான், வட கொரியா ஆகிய மூன்றையும் வென்று கால்இறுதி போனது. அங்கே டிம் காஹிலின் இரண்டு கோல்களால் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

2019 ஆசியக் கோப்பைக்கும் 38 வயதில் அவரே கேப்டனாக வந்தார். இதைச் சிலர் அவருடைய பெருமையாகச் சொல்கிறார்கள். சீனக் கால்பந்துக்கு அது வெட்கம் என்பது என் கருத்து. 2000-களில் ஊழலும் மோசடியும் லீக்கைத் தின்றபோது பெற்றோர்கள் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்பத் தயங்கினார்கள். இளையோர் பயிற்சி சுருங்கியது. அதன் விளைவு பத்தாண்டு கழித்து நடுக்களத்தில் தெரிந்தது. 2019-இல், லண்டனில் பிறந்து ஆர்செனல் இளையோர் அணியில் வளர்ந்த நிக்கோ யென்னாரிஸுக்குக் குடியுரிமை கொடுத்து, லி கே என்ற பெயரில் சீன அணிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் ஆடுவது ஜெங் ஜி நின்ற அதே தற்காப்பு நடுக்களத்தில்தான் என்பதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஷென்யாங்கில் பிறந்து இங்கிலாந்து போன இன்னொரு நடுக்களக்காரரான லி தியேவோடு இவரை ஒப்பிடுவது சீன ரசிகர்களின் வழக்கம். லி தியே 2002 உலகக் கோப்பையில் ஆடினார். எவர்டனில் தொடக்கத்தில் இவரைவிட நன்றாகவே காலூன்றினார். காயங்கள் அவரைக் கெடுத்தன. பிறகு குவாங்சோவில் லிப்பியின் உதவியாளரானார். நாட்டு அணியின் தலைமைப் பயிற்சியாளராக உயர்ந்தார். லஞ்ச வழக்கில் 2024 டிசம்பரில் 20 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆட்ட வரலாற்றை மட்டும் பார்த்தால் லி தியேயின் உச்சம் முன்னதாகவும் குறுகியதாகவும் இருந்தது, ஜெங் ஜியின் உச்சம் தாமதமாகவும் நீண்டதாகவும் இருந்தது என்பதற்கு மேல் ஒப்பீட்டை நீட்ட வேண்டியதில்லை.

குவாங்சோவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் எவர்கிராண்ட் கடனில் மூழ்கியபோது பயிற்சியாளர் ஃபாபியோ கன்னவாரோ விலக, ஜெங் ஜி ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். 2022-இல் கிளப் தரம் இறங்கியது. பழைய கடன்களைத் தீர்க்க முடியாமல் 2025 தொடக்கத்தில் தொழில்முறை லீக்கில் ஆடும் உரிமத்தை இழந்து கலைந்தது. அவர் பின்னர் நாட்டு அணியின் பயிற்சிக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்தார். பணம் போனதும் கிளப் போய்விட்டது என்பது நண்பரின் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது போலத் தோன்றும். கிளப்பைப் பொறுத்தவரை அது சரிதான். பணம் வருவதற்கு முன்பே ஷென்செனிலும் ஷான்டொங்கிலும் லீக் வென்ற ஒருவரைப் பொறுத்தவரை சரியில்லை.

பார்க்க வேண்டிய ஆட்டங்கள் என்று கேட்டால், முதலில் 2013 ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதியின் இரண்டு ஆட்டங்கள்: அக்டோபரில் சியோலில் 2-2, நவம்பர் 9 அன்று குவாங்சோவின் தியன்ஹே அரங்கத்தில் 1-1, மொத்தக் கோல்கள் சமமானதால், வெளியூரில் அடித்த கோல்களின் அடிப்படையில் எஃப்சி சியோலைத் தாண்டிக் கோப்பை வந்தது. அரையிறுதியில் ஜப்பானின் காஷிவா ரெய்சோலை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 8-1 என்று நொறுக்கியதைப் பார்ப்பது இன்பமாக இருக்கும், ஆனால் அவரைப் பற்றி அது அதிகம் சொல்லாது. எல்லாம் எளிதாகப் போகும் நாளில் அந்த இடத்தில் யார் நின்றாலும் நன்றாகத்தான் தெரிவார்கள். தியன்ஹே ஆட்டத்தில், சியோலின் தெயான் தம்யானோவிச் சமன் செய்த பிறகு, இன்னொரு கோல் விழுந்தால் கோப்பை கைநழுவும் என்ற நிலையில் மிஞ்சியிருந்த நேரத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு அவர் நிற்கும் இடத்தையே கவனியுங்கள். அதன் பிறகு 2015 ஆசியக் கோப்பையில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். ஒரு கோல் பின்தங்கி 2-1 என்று சீனா திரும்பி வென்றது. கடைசியாக, மனம் இருந்தால், நியூகாசிலுக்கு எதிரான அந்தச் சார்ல்டன் ஆட்டம். இவற்றைக் கோல் தொகுப்பாகப் பார்க்க வேண்டாம். முழு ஆட்டமாகவே தேடிப் பாருங்கள்.